மழைக்குப் பின் சாலை நிறையக் குட்டித் தேரைகள்: எங்கிருந்து வருகின்றன, எப்போது வரும், எப்படிக் கடக்க விடலாம்

மழை விட்ட மறுநாள் காலை, ஏரியோரத் தார்ச்சாலையில் கறுப்பு உளுந்தைக் கொட்டிவிட்டதுபோல் ஏதோ தெரியும். கிட்டே போனால் அது அசையும். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவே இருக்கும் குட்டித் தவளைகள், நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில், ஒரே பக்கமாகத் தத்திக்கொண்டு போகும். பால் வண்டி ஒன்று போனால் பின்னால் கறுப்புக் கோடு விழும். யாராவது அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். பதில்களும் வழக்கமானவைதான்: தவளை மழை பெய்திருக்கிறது, பூகம்பம் வரப்போகிறது, தொட்டாலே விஷம் ஏறும், மரு வரும்.

நான்கும் தவறு. நடப்பது இதுதான்: ஒரு மாதத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாக, நல்ல மழை பெய்த ஓர் இரவில் அதே ஏரியிலோ குட்டையிலோ தேரைகள் கூடி முட்டையிட்டன. அந்த முட்டைகள் தலைப்பிரட்டைகளாகி, கால் முளைத்து, வால் மறைந்து, இப்போது நீரை விட்டு வெளியேறுகின்றன. போகும் வழியில் நாம் சாலை போட்டிருக்கிறோம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏரியும் சாலையும் ஒட்டியே கிடப்பதால் இது இங்கே அடிக்கடி கண்ணில் படும். இது எந்த வாரத்தில் நடக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியும். இந்தக் கட்டுரையில் அதிகம் பேசப்போவது அந்தக் கணக்கைத்தான். உதவ நினைப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் அதைத்தான்.

தேரை எது, தவளை எது

ஊர்ப் பேச்சில் எல்லாமே தவளைதான். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசும் வீடுகளில் கப்பெ, தெலுங்கு பேசும் வீடுகளில் கப்ப. அவற்றில் வறண்ட, முண்டும் முடிச்சுமான தோல் கொண்டதைச் சொறித்தவளை என்கிறோம். எழுத்தில் அதன் பெயர் தேரை. வீட்டுப் பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், பூந்தொட்டி ஓரத்தில், மாட்டுக்கொட்டகைக் கல்லுக்குக் கீழே உட்கார்ந்திருப்பது இதுதான். இரவில் தெருவிளக்குக்குக் கீழே வந்து விழும் பூச்சிகளைத் தின்னக் காத்திருப்பதும் இதுவே. அறிவியல் பெயர் டட்டாஃப்ரினஸ் மெலனோஸ்டிக்டஸ். இரண்டாம் சொல்லுக்குக் கறுப்புப் புள்ளியுடையது என்று பொருள். அதை வைத்தவர் ஷ்னைடர், ஆண்டு 1799. முதல் சொல் 2006-ல் வந்தது. இந்தியத் தவளை ஆய்வாளர் சுசில் குமார் தத்தாவைப் பெருமைப்படுத்த இந்தப் பேரினத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

சாலை விஷயத்தில் தேரைக்கும் மற்றத் தவளைகளுக்கும் உள்ள வேறுபாடு மூன்று இடங்களில் முக்கியமாகிறது.

1. தேரை நீரிலேயே வாழ்வதில்லை. வயல், தோப்பு, வீட்டுக்கொல்லை என்று நீரிலிருந்து தள்ளியே வாழும். முட்டையிட மட்டும் நீருக்குத் திரும்பும். "கல்லுக்குள் தேரை" என்று நாம் சொல்வதும் அது ஈரம் தேடி ஒதுங்கும் பழக்கத்தோடு ஒத்துப்போகிறது. நீர் ஒரு பக்கமும் வாழிடம் மறுபக்கமும் இருந்தால் இடையில் இருக்கும் சாலையை அது கடந்தே ஆக வேண்டும்.

2. தேரை நீளமாகத் தாவாது. பின்னங்கால்கள் குட்டை. தத்தும், பல நேரம் நடக்கும். வெளிச்சம் கண்ணில் பட்டால் ஓடாமல் அப்படியே நின்றுவிடும்.

3. தேரை வாயால் நீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோல் வழியாக உறிஞ்சுகிறது. அதே தோல் வழியாக நீரை இழக்கவும் செய்கிறது. ஆகவே மழை பெய்து தரை நனைந்திருக்கும்போதுதான் நெடுந்தூரம் கிளம்பும். நம் வண்டிகளின் கண்ணாடி மங்கியிருக்கும் நேரமும் அதுவே.

முட்டையைப் பார்த்தும் அடையாளம் காணலாம். தவளை முட்டை கொத்தாகவோ படலமாகவோ மிதக்கும். மரத்தவளை தண்ணீருக்கு மேலே சுவரிலும் இலையிலும் நுரைக்கூடு கட்டும். தேரை முட்டையோ சரம். கறுப்பு மணிகளைக் கண்ணாடிச் சரட்டில் கோத்ததுபோல் இரண்டு நீண்ட இழைகள் நீர்ச்செடிகளைச் சுற்றிக் கிடக்கும். ஒரு பெண் தேரை ஒரே இரவில் இப்படி ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது.

ஒரே சாலை, இரண்டு பயணங்கள்

முதல் பயணம் பெரியவற்றுடையது. கோடை மழையோ பருவமழையோ முதன்முதலாக நன்றாகக் கொட்டி, பள்ளங்களில் நீர் நின்றதும், ஆண் தேரைகள் நீரோரம் போய்க் கத்தத் தொடங்கும். நிறுத்தாமல் நீளும் "குர்ர்ர்ர்" என்ற ஒலி. அதைக் கேட்டுப் பெண் தேரைகள் வரும். "நுணலும் தன் வாயால் கெடும்" என்ற பழமொழி நினைவுக்கு வரலாம். மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் தவளையினம் கத்தித் தன்னைக் காட்டிக்கொடுப்பதைச் சொல்லும் பழமொழி அது. அந்தக் கத்தலை நாம் வேறு விதமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதைப் பிறகு சொல்கிறேன். இந்தப் பயணம் இரவில் நடக்கிறது. ஓரிரு இரவுகளில் முடிந்துவிடும். அடிபட்டுக் கிடக்கும் உடல்கள் பெரியவை என்பதால் மறுநாள் எல்லோர் கண்ணிலும் படும்.

இரண்டாம் பயணம் குஞ்சுகளுடையது. நம் ஊர் வெப்பத்தில் முட்டை ஓரிரு நாளில் பொரிகிறது. கறுகறுவென்ற தலைப்பிரட்டைகள் கூட்டமாக ஓரநீரில் மேயும்; பாசியும் அழுகல் இலையும்தான் உணவு. முதலில் பின்னங்கால், பிறகு முன்னங்கால் வரும். வாலை உடம்பே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும் அந்தச் சில நாட்களில் அது எதையும் தின்பதில்லை, ஏனென்றால் பாசி சுரண்டும் வாய் பூச்சி பிடிக்கும் வாயாக மாறிக்கொண்டிருக்கிறது. உருமாற்றம் முடிந்து கரையேறும்போது உடல் நீளம் ஒரு சென்டிமீட்டருக்கு முன்பின்தான்.

இவ்வளவுக்கும் சுமார் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வெயிலில் நீர் சூடாகி வற்றத் தொடங்கினால் வளர்ச்சி வேகமாகும். குளிர்ந்து நிறைந்து கிடந்தால் தாமதமாகும்.

தவளை மழை என்ற எண்ணம் எப்படி வருகிறது என்பதும் இங்கேதான் புரியும். எல்லாம் ஏறக்குறைய ஒரே இரவில் இட்ட முட்டைகள். அதனால் ஏறக்குறைய ஒரே வாரத்தில் கரையேறுகின்றன. கரையேறியவை ஈரச் சேற்றிலும் புல்லடியிலும் ஒட்டிக் காத்திருக்கும். ஒரு தூறல் விழுந்ததும் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பும். நேற்று ஒன்றுகூட இல்லாத சாலையில் இன்று ஆயிரம். இடையில் நாம் பார்த்த ஒரே நிகழ்ச்சி மழை. ஆகவே மழையோடு விழுந்தன என்று நினைக்கிறோம்.

பெரிய தேரை இரவில் நடமாடும். குஞ்சுகளோ முதல் சில வாரங்களில் பகலிலும் நடமாடும். பள்ளி வண்டிகளும் சந்தைக்குப் போகும் டெம்போக்களும் ஓடும் நேரத்தில் அவை சாலையில் இருப்பது இதனால்தான்.

பூகம்பப் பேச்சு எங்கிருந்து வந்தது

2008 மே 12 அன்று சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் பெரும் நிலநடுக்கம். சில நாட்களுக்கு முன் அங்குள்ள மியான்சு நகரில் தேரைகள் கூட்டமாகச் சாலையைக் கடந்ததாகச் செய்தி வந்திருந்தது. பிறகு இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். 2009 ஏப்ரல் 6 அன்று இத்தாலியின் லாக்குவிலா நிலநடுக்கம். அங்கிருந்து 74 கிலோமீட்டர் தள்ளிய ஓர் ஏரியில், ஐந்து நாள் முன்பே ஆண் தேரைகள் இனப்பெருக்க இடத்தை விட்டுப் போய்விட்டதை ஓர் ஆய்வுக்குழு பதிவு செய்தது. இத்தாலியில் போனவை வளர்ந்த தேரைகள், இனப்பெருக்கத்தைப் பாதியில் விட்டுப் போனவை. நம் சாலையில் காண்பது குஞ்சுகள், ஆண்டுதோறும் நல்ல மழைக்கு ஒரு மாதம் கழித்துக் கிளம்புவது. இரண்டுக்கும் தொடர்பில்லை. இதை வைத்து நிலநடுக்கத்தைக் கணிக்கவும் முடியாது.

கத்திய இரவிலிருந்து நாளை எண்ணுவது

மேலைநாடுகளில் தேரைப் பயணம் வசந்தத்தோடு கட்டுப்பட்டது. குளிர் விலகி முதல் வெதுவெதுப்பான மழை இரவில் அவை கிளம்பும். ஆண்டுதோறும் மாதம் மாறாது. இங்கே குளிர் ஒரு பொருட்டில்லை. மழைதான் கணக்கு.

இந்த இரு மாவட்டங்களுக்கும் மழை மூன்று தவணையாக வருகிறது. சித்திரை, வைகாசியில் மாந்தோப்புகளை உலுக்கிப் போடும் இடிமழை. ஆடிக்குப் பிறகு வலுக்கும் தென்மேற்குப் பருவமழை. செப்டம்பர், அக்டோபரில்தான் அதிகம். பின் வடகிழக்குப் பருவமழை. சில ஆண்டு புயலும் உள்ளே வரை வந்துவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஆகவே "தேரைகள் இந்த மாதத்தில் கடக்கும்" என்று இங்கே பலகை எழுதி நட முடியாது. எந்த மழையில் கத்தின என்று கேட்டு வைத்திருந்தால் மட்டும் சொல்ல முடியும்.

கணக்கு எளிது. கத்தல் உச்சமாக இருந்த இரவின் தேதியோடு 28 நாள் கூட்டினால் கவனிக்கத் தொடங்கும் நாள். 42 நாள் கூட்டினால் பெரும்பாலும் முடிந்துவிடும் நாள்.

- மே 10 இரவு கத்தினால் ஜூன் 7 முதல் 21 வரை.
- ஆகஸ்ட் 20 இரவு கத்தினால் செப்டம்பர் 17 முதல் அக்டோபர் 1 வரை.
- செப்டம்பர் 25 இரவு கத்தினால் அக்டோபர் 23 முதல் நவம்பர் 6 வரை. இது பல ஆண்டுகளில் தீபாவளிப் போக்குவரத்தோடு மோதும்.

அந்த இரண்டு வாரமும் காவல் இருக்கத் தேவையில்லை. நான்காம் வாரத்தில் ஓரநீரைப் பார்த்தால் போதும். தலைப்பிரட்டைகளுக்கு முன்னங்கால் வந்துவிட்டதென்றால் இன்னும் சில நாள்தான். அதற்குப் பின் வரும் முதல் தூறலே நாள் குறித்த மாதிரி.

எங்கே பார்ப்பது? பலரும் பெரிய ஏரிக்கும் அணைக்கும் போவார்கள். கிருஷ்ணகிரி அணை போன்ற நீர்த்தேக்கங்களில் நீர் ஆழம், மீன்களும் உண்டு. தேரைக்குப் பிடித்தது ஆழமில்லாத, வெயில் படும், தேங்கிய ஓரநீர். ஏரியென்றால் கரைப்பக்கம் ஆழமாக இருக்கும். எதிரே நீர் பரந்து மெலிந்து வரும் உள்வாய்ப் பக்கம்தான் முட்டையிடும் இடம். ஊரோரக் குட்டை, கல் உடைத்த பள்ளம், செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழி எல்லாம் சேரும். சாலை அகலப்படுத்த ஓரத்தில் மண் வெட்டிய குழிகளும் அப்படித்தான். சாலையை ஒட்டியே நீர் நிற்பதால், அங்கே பிறந்த குஞ்சின் முதல் நடையே தார் மேல்தான்.

சாலையில் ஏன் இவ்வளவு சாகின்றன: ஒரு சிறு கணக்கு

"மெதுவாகப் போங்கள்" என்று பலகை வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். குஞ்சுகள் விஷயத்தில் போதாது. ஏன் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது ஆய்வு முடிவு இல்லை. அகலங்களை வைத்துப் போடும் எளிய கணக்கு.

1. இருவழிச் சாலையின் தார்ப் பரப்பு 7 மீட்டர். ஒரு தத்தலுக்கு 3 சென்டிமீட்டர் என்று வைத்தால் 230 தத்தலுக்கு மேல். மூன்று விநாடிக்கு ஒரு தத்தல் என்றாலும் கடக்க ஏறக்குறைய 12 நிமிடம் ஆகும்.

2. ஒரு வண்டித்தடத்தின் அகலம் 3.5 மீட்டர். கார் டயர் சுமார் 20 சென்டிமீட்டர், இரு பக்கமும் சேர்த்து 40. தடத்தில் நிற்கும் ஒரு குஞ்சின் மேல் டயர் ஏறும் வாய்ப்பு ஒன்பதில் ஒன்று.

3. அது நிற்கும் தடத்தில், கடந்து முடிப்பதற்குள், இரண்டு கார் போனால் பத்தில் எட்டு பிழைக்கும். பத்து கார் போனால் பத்தில் மூன்று. இருபது போனால் பத்தில் ஒன்று.

4. லாரியின் பின்பக்கம் இரட்டை டயர். இரு பக்கமும் சேர்ந்து ஒரு மீட்டருக்கு மேல் தரையை அழுத்தும். ஒரு லாரி போனாலே பத்தில் மூன்று போய்விடும். பத்து லாரி போன தடத்தில் நூறில் மூன்று மிஞ்சினால் அதிகம். பைக் டயர் மெல்லியது. ஒன்று போனால் நூறில் மூன்றுதான் சாகும்.

இந்தக் கணக்கில் வேகம் எங்குமே வரவில்லை. டயர் மெதுவாக ஏறினாலும் வேகமாக ஏறினாலும் அழுத்தும் அகலம் ஒன்றே. பெரிய தேரையை, நாயை, மனிதரைப் பார்த்து ஓட்டுநர் ஒதுங்க முடியும்; அங்கே வேகத்தைக் குறைப்பது உயிரைக் காக்கும். ஒரு சென்டிமீட்டர் குஞ்சு யார் கண்ணுக்கும் தெரியாது. அதன் பிழைப்பைத் தீர்மானிப்பது அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் எத்தனை வண்டி, எந்த வகை வண்டி போகிறது என்பதே. ஆகவே செய்ய வேண்டியதும் அங்கேதான் இருக்கிறது: சில மணி நேரம் வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, குறிப்பாகக் கனரக வண்டிகளை வேறு வழியில் விடுவது.

டயருக்குத் தப்பியவற்றையும் இரண்டு கொல்லும். மழை விட்டு வெயில் அடித்தால் தார் சீக்கிரம் காய்ந்து சூடாகும். சிறிய உடல், மெல்லிய தோல், நடு வழியிலேயே வற்றிவிடும். மற்றது நடுத்தடுப்பு. நான்கு வழிச் சாலையின் நடுவே உள்ள கான்கிரீட் விளிம்பு நமக்கு ஒரு எட்டு. குஞ்சுக்கு அதன் உயரத்தைப் போல் பதினைந்து மடங்கு சுவர். அதை ஒட்டியே திரும்பத் திரும்ப நடந்து டயருக்கே வரும்.

வெளியூர்களில் என்ன செய்கிறார்கள்

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ராக்ஸ்பரோ என்ற பகுதி. பயன்பாட்டில் இல்லாத பழைய நீர்த்தேக்கம் ஒன்றும், சாலைக்கு அப்பால் காடும் இருக்கின்றன. மார்ச், ஏப்ரலில் பெரிய தேரைகள் காட்டிலிருந்து நீருக்குப் போகும். சுமார் ஆறு வாரம் கழித்து, மே கடைசியிலும் ஜூனிலும் குஞ்சுகள் நீரிலிருந்து காட்டுக்குத் திரும்பும். 2009-ல் அங்குள்ள தன்னார்வலர்கள் நகர நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, மழை பெய்யும் மாலைகளில் சில மணி நேரம் அந்தச் சாலையைத் தடுப்புக் கட்டை வைத்து மூடத் தொடங்கினார்கள். வண்டிகள் சுற்றுவழியில் போகும். பின்னர் அந்த ஊர்ச் சுற்றுச்சூழல் கல்வி மையம் இதை ஏற்று நடத்தியது. இரண்டு பயணத்துக்கும் தனித்தனியாகக் காவல் வைத்ததே இதில் கற்க வேண்டியது.

பிரிட்டனில் தன்னார்வலர்கள் வாளியும் டார்ச்சுமாக நின்று பெரிய தேரைகளைத் தூக்கிக் கடத்துகிறார்கள். தேரைப் படம் போட்ட சாலைப் பலகையே உண்டு. ஜெர்மனியில் சாலையோரம் தாழ்வான வேலி கட்டி, அடியில் வாளி புதைத்து, விடியற்காலையில் எடுத்து மறுபக்கம் விடுவார்கள். அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் ஊரில் 1987-ல் சாலைக்கு அடியில் சலமாண்டர்களுக்கென்றே (தவளைக்கு உறவான, வாலுள்ள உயிரினம்) சுரங்கம் வைத்தார்கள். மேலே துளைகள் விட்டதால் மழைநீரும் வெளிச்சமும் உள்ளே இறங்கும். ஈரம் காயாததால் பலவும் நுழைந்து கடந்தன.

நம் ஊருக்கு எது பொருந்தும்

சாலைக்குச் சாலை பதில் வேறு.

*தேசிய நெடுஞ்சாலை.* ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகத் தொப்பூர்க் கணவாய் இறங்கும் 44-ம் எண் சாலை, கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை போகும் 48, ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தருமபுரி வரும் 844. இவற்றில் இறங்கித் தேரை எடுக்க யாரும் போகக் கூடாது. இரவு, மழை, லாரி மூன்றும் சேரும் இடத்தில் உயிர் போவது மனிதருடையதாக இருக்கும். இங்கே வழி சாலைக்கு அடியில் இருக்கிறது. மழைநீர் கடக்க ஏற்கெனவே எத்தனையோ குழாய்ப் பாலங்களும் பெட்டிப் பாலங்களும் கட்டியிருக்கிறோம். பலவற்றில் பாதி மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடக்கிறது. அவை தேரைக்கும் பயன்பட நான்கு வேலை போதும்: மழைக்கு முன் அடைப்பை எடுப்பது; குழாய் வாயில் செங்குத்தாக விழும் படியைக் கல்லும் மண்ணும் போட்டுச் சரிவாக்குவது; உள்ளே முழுக்க நீர் ஓடினாலும் ஓரத்தில் நடக்க ஒரு மேட்டு விளிம்பு விடுவது; குழாய் வாயின் இரு பக்கமும் 40 சென்டிமீட்டர் உயரத்தில் வழவழப்பான தடுப்பு வைத்து வாய் நோக்கித் திருப்புவது. கம்பி வலை ஆகாது, குஞ்சு அதன் கண்ணிலேயே நுழைந்துவிடும். புதிதாகச் சாலை அகலமாகும் இடங்களில் இதைத் திட்டத்திலேயே கேட்பது, கட்டி முடித்தபின் கேட்பதைவிட மிக எளிது.

*காட்டுச் சாலை.* பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல், தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போன்ற பாதைகள். காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-லும், காவிரி தெற்கு 2022-லும் அறிவிக்கப்பட்டன. அங்கே முதலில் யானையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். இரவில் இறங்கி நிற்பதை நினைக்கவே வேண்டாம். வனத்துறைக்குத் தேதியோடும் இடத்தோடும் தகவல் தருவதே உதவி.

*ஊராட்சிச் சாலையும் ஏரிக்கரைச் சாலையும்.* நம்மால் உண்மையில் மாற்ற முடிந்தது இதுதான். அகலம் 4 மீட்டருக்கும் குறைவு, மாற்றுவழி பெரும்பாலும் உண்டு, போகிற வண்டி யாருடையது என்று ஊருக்கே தெரியும். குஞ்சுகள் கிளம்பும் இரண்டு மூன்று நாட்களில், மழை விட்ட பின் சில மணி நேரம், காவல்துறைக்குச் சொல்லிவிட்டுக் கரைச்சாலையை மூடலாம். முழுக்க மூட முடியாவிட்டால் டிராக்டர், டிப்பர், பள்ளிப் பேருந்து ஆகியவற்றை மட்டுமாவது வேறு வழியில் விடலாம். மேலே சொன்ன கணக்குப்படி அதற்கே நல்ல பலன் உண்டு. சாலையின் நீர்ப் பக்கத்தில் நனைத்த கோணியும் தென்னை மட்டையும் வரிசையாகப் போட்டால் குஞ்சுகள் வெயில் நேரத்தில் அடியில் ஒதுங்கும். வண்டி குறைந்த பொழுதில் கோணியோடு தூக்கி மறுபக்கம் வைத்துவிடலாம்.

கையால் எடுக்கும்போது

1. போகும் திசையில் விடுங்கள். இரக்கப்பட்டு ஏரியில் திருப்பிப் போடுவதுதான் மிகப் பெரிய தவறு. வால் மறைந்த குஞ்சு ஆழ நீரில் மூழ்கிச் சாகும். நீரிலிருந்து விலகித்தான் அது போகிறது; அந்தப் பக்கமே விடவும்.

2. விரலால் கிள்ளி எடுக்க வேண்டாம். ஈரமான தடித்த காகிதம், வாழையிலைத் துண்டு, பேப்பர் கப் போதும். வாளியில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடியில் ஈர இலை போட்டால் சரி.

3. கையில் கிருமிநாசினி, கொசுத் தைலம், பூச்சிமருந்து இருக்கக் கூடாது. எல்லாம் அதன் தோல் வழியே உள்ளே போகும். வெறும் நீரில் கழுவி நனைத்த கையால் எடுக்கவும்.

4. தேரையைத் தொட்டால் மரு வராது. மரு மனிதருக்கு வரும் வைரஸால் வருவது. ஆனால் பெரிய தேரையின் கண்ணுக்குப் பின்னால் புடைத்த சுரப்பியில் விஷப்பால் உண்டு. அழுத்தினால் கசியும், கண்ணில் பட்டால் எரியும், வாயில் போனால் ஆபத்து. எடுத்த பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நாயைப் பக்கத்தில் விடக் கூடாது.

5. ஒரு குட்டையிலிருந்து வேறு குட்டைக்குக் கொண்டுபோக வேண்டாம். தவளைகளைக் கொல்லும் தோல் பூஞ்சை உலகெங்கும் பரவியதில் இப்படி இடம் மாற்றியதற்கும் பங்குண்டு.

6. தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் இந்த மாவட்டங்களில் உண்டு. முழுக்கால் மூடும் காலணி, டார்ச், பளிச்சிடும் மேலாடை இல்லாமல் இரவில் இறங்கக் கூடாது. சிறுவர்கள் பகலில் மட்டும், பெரியவர் துணையோடு.

இத்தனை பாடு எதற்கு

நேர்மையாகச் சொல்ல வேண்டும்: சொறித்தவளை அழியும் தறுவாயில் இல்லை. உலக அளவிலான செம்பட்டியலில் கவலை குறைந்த இனமாகவே இருக்கிறது. மடகாஸ்கரில் அது வந்தேறியாகப் பரவித் தொல்லையே தருகிறது. குஞ்சுகளில் பெரும்பகுதி சாலை இல்லாவிட்டாலும் பறவைக்கும் பாம்புக்கும் வெயிலுக்கும் போய்விடும். ஆயிரத்தில் சிலவே முட்டையிடும் வயதைத் தொடும். ஆகவே ஒரு குஞ்சைக் காப்பதும், முட்டை சுமந்து நீருக்குப் போகும் ஒரு பெண் தேரையைக் காப்பதும் சமமாகாது. கையால் தூக்கிக் கடத்தும் உழைப்பை முதல் மழை இரவில் பெண் தேரைகளுக்குச் செலவிடுவதே நல்லது. குஞ்சுகளுக்குக் கை போதாது. அவற்றுக்குச் சாலையைக் கொஞ்ச நேரம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

அப்படியும் இது அவசியம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. சாலை ஒரு தலைமுறையை முழுதாகத் துடைக்கும் இடத்தில், அந்தக் குட்டையைச் சுற்றிய நிலத்தில் சில ஆண்டுகளில் தேரை இருக்காது. தேரை தின்பது எறும்பு, கரையான், வண்டு, புழு. கேழ்வரகும் நிலக்கடலையும் தக்காளியும் விளையும் நிலத்தில் அது கூலி கேட்காத காவல். தவளைக்கால் ஏற்றுமதிக்காக வயல்களிலிருந்து கோடிக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்த இந்தியா, 1987-ல் அதற்குத் தடை போட்டது. தவளை குறைந்தால் பூச்சி பெருகும், பூச்சிமருந்துச் செலவு ஏறும் என்ற வாதம் அந்தத் தடைக்குப் பின்னால் இருந்தது. அதோடு அந்தச் சாலையைத் தேரை மட்டும் கடப்பதில்லை. மஞ்சள் பூசிக்கொண்டு கத்தும் பெருந்தவளை, மண்ணுக்குள் வாழும் குண்டுத்தவளை, அவற்றைத் தின்ன வரும் சாரை, எல்லாம் அதே இரவில் அதே தாரில் இருக்கின்றன. தேரைக்காக மூடிய சாலை அவற்றுக்கும் மூடியதே.

கிராம சபையில் வைக்க வேண்டியது

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றில் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நான்கும் இந்த மழைத் தவணைகளை ஒட்டியே வருகின்றன. கேட்க வேண்டியவை சிறியவை: ஏரிக்கரைச் சாலையின் சிறுபாலங்களை மழைக்கு முன் தூர்வாருவது, குஞ்சுகள் கிளம்பும் நாட்களில் சில மணி நேர மாற்றுவழிக்கு ஒப்புதல், அந்த நாட்களில் கரையோரம் களைக்கொல்லி தெளிக்காமல் இருப்பது.

தேதிக்கு ஒரு பலகை போதும். ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில், கத்தல் கேட்ட இரவின் தேதியை எழுதி, அதற்குக் கீழே 28-ஆம் நாளின் தேதியையும் எழுதிவிடலாம். அந்த நாள் நெருங்கும்போது ஆடு மேய்க்கப் போகிறவரோ, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோ ஓரநீரில் ஒரு தலைப்பிரட்டையைப் பார்த்து, முன்னங்கால் வந்துவிட்டதா என்று சொன்னால் மாற்றுவழிப் பலகையை எடுத்து வெளியே வைக்கலாம்.